பழைய ரிவால்வரா, புதுசா? வாங்கும் முன் தெரிஞ்சுக்க வேண்டிய சட்டமும் கணக்கும்!

அரியாங்குப்பத்தில் ஒரு வீடு. தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். பீரோவில் அவருடைய பழைய ரிவால்வர். இதை வெச்சுக்கலாமா? இல்ல, புதுசா ஒண்ணு வாங்கலாமா? இந்தக் கேள்விக்கு விலையை விட சட்டம்தான் முதல் பதில்.

லைசென்ஸ் இல்லாம முடியுமா?

முடியாது. ஆயுதச் சட்டம் 1959-ன் படி 21 வயது நிறைந்தவர்தான் விண்ணப்பிக்க முடியும். அரியாங்குப்பத்துக்காரர் என்றால் புதுச்சேரி மாவட்ட ஆட்சியரிடம்தான் போகணும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் 2 துப்பாக்கிதான் வைத்திருக்கலாம். பரம்பரையாக வந்ததும் இந்தக் கணக்கில் சேரும். லைசென்ஸ் காலம் 5 ஆண்டு.

பழசில் என்ன சிக்கல்?

தோட்டாதான். முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் ராணுவம் பயன்படுத்திய வெப்லி மார்க் 6, .455 ரகம். .455, .380 போன்ற ராணுவத் தோட்டா போடும் ரிவால்வர்கள் கட்டுப்படுத்தப்பட்ட வகை. சாதாரண லைசென்ஸில் அதை வாங்க முடியாது. பிரெஞ்சு ராணுவத்தின் 1892 மாடல் ரிவால்வருக்கு 8 மில்லிமீட்டர் தோட்டா. அதுவும் நம்மூர் கடையில் சாதாரணமாகக் கிடைக்கிற ரகம் இல்லை.

பொதுமக்களுக்குக் கிடைப்பது .32 ரகம். அதிலும் பிஸ்டல் தோட்டா வேறு, ரிவால்வர் தோட்டா வேறு. 1980-களில் இறக்குமதி நின்றதால், பழைய வெளிநாட்டு .32-க்கு இன்றும் கிராக்கி அதிகம். ஆனால் பேருக்காகக் காசு கொடுத்துவிட்டு, தேய்ந்த உருளைக்கும் உதிரி பாகத்துக்கும் அலையக் கூடாது. துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் காட்டிவிட்டு வாங்குவதே நல்லது.

புதுசில் என்ன இருக்கு?

அரசு ஆலை 2014-ல் அறிமுகப்படுத்திய 'நிர்பீக்' சுமார் 500 கிராம். அப்போது விலை 1,22,360 ரூபாய். 2023-ல் வந்த 'பிரபல்' சுமார் 700 கிராம். 50 மீட்டர் வரை சுடும், உருளை பக்கவாட்டில் திறக்கும். வெப்லி பெயரே வேண்டும் என்பவர்களுக்கு, உத்தரப்பிரதேசத்தின் சண்டிலாவில் 2020 முதல் .32 ரகம் தயாராகிறது. அப்போது சொன்ன விலை சுமார் 1.6 லட்சம். மூன்றுக்கும் தோட்டா உள்நாட்டிலேயே தயாராகிறது.

தாத்தா துப்பாக்கியை என்ன செய்வது?

தாத்தா பெயரில் லைசென்ஸ் இருந்தால் வாரிசு தன் பெயருக்கு விண்ணப்பிக்கலாம். லைசென்ஸே இல்லை என்றால் தாமதிக்காமல் காவல் நிலையத்தில் ஒப்படைக்கணும். 'பழசுதானே' என்று பீரோவிலேயே விட்டால் 2 முதல் 5 ஆண்டு வரை சிறை. தடை செய்யப்பட்ட வகை என்றால் 7 முதல் 14 ஆண்டு. பழுது பார்த்தாலும் சுடவே முடியாத பழம்பொருளுக்கு மட்டும் சட்டத்தின் 45-வது பிரிவில் விலக்கு உண்டு. ஆனால் அது சுடுமா, சுடாதா என்பதை நாமே முடிவு செய்துகொள்வது ஆபத்து.

தெரிந்தவரிடம் கைமாற்றாக வாங்குவதிலும் கவனம் தேவை. விற்பவர் மாவட்ட ஆட்சியருக்கோ காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து, 45 நாள் கழிந்த பிறகே விற்க முடியும்.

மொத்தத்தில், பாதுகாப்புக்கு என்றால் தோட்டாவும் உதிரியும் கிடைக்கிற புதுசு. நினைவுக்கு என்றால் பழசு, ஆனால் அதற்கும் காகிதம் சரியாக இருக்கணும்.