மானிட்டருக்கு ஒரு விலை, அது காத்திருக்க இன்னொரு விலையா?

சாதாரண மானிட்டர் வினாடிக்கு 60 தடவை படத்தைப் புதுப்பிக்கும். அதாவது 16.7 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை, கடிகாரம் மாதிரி. கிராஃபிக்ஸ் கார்டுக்கு அந்த ஒழுக்கமெல்லாம் கிடையாது. வெறும் சுவரைப் பார்த்தால் 90 ஃப்ரேம் தள்ளும், நாலு குண்டு வெடித்தால் 45க்கு இறங்கிவிடும். ரெண்டும் ஒத்துப்போகாதபோது மேல்பாதியில் ஒரு ஃப்ரேம், கீழ்பாதியில் அடுத்த ஃப்ரேம். படம் குறுக்கே கிழிந்த மாதிரி இருக்கும். இதற்குப் பழைய மருந்து வி-சிங்க். கிழிசல் போகும், ஆனால் ஒரு ஃப்ரேம் இம்மி தாமதமானாலும் அடுத்த சுற்று வரை காத்திருக்கணும். இரட்டை பஃபரில் 60 தடாலென்று 30 ஆகும். மவுஸை அசைத்தால் துப்பாக்கி யோசித்துவிட்டுத்தான் திரும்பும்!

மானிட்டருக்காக கார்டு காத்திருப்பதற்குப் பதில் கார்டுக்காக மானிட்டர் காத்திருந்தால்? 2013 அக்டோபரில் இதை ஜி-சிங்க் என்று கொண்டுவந்தது என்விடியா. அந்தப் பெருமை அவர்களுக்கே இருக்கட்டும். சண்டை, அதற்குப் போட்ட பூட்டைப் பற்றித்தான். மானிட்டருக்குள் அவர்களுடைய தனி மாட்யூல் வேண்டும், அதற்குத் தனிக் காசு வேண்டும். அடுத்த கார்டை வேறு கம்பெனியில் வாங்கினால் அந்தக் காசு அப்போது தண்டம். (காமர்ஸ் புத்தகத்தில் ஒரு பொருளோடு இன்னொன்றைக் கட்டி விற்பது என்று வருமே, அதேதான்.)

2014 மே மாதமே வெசா அமைப்பு அடாப்டிவ்-சிங்க்கை டிஸ்ப்ளேபோர்ட் 1.2ஏ-வில் சேர்த்துவிட்டது. உரிமக் கட்டணம் இல்லை. ஏஎம்டி அதை வைத்துத்தான் ஃப்ரீசிங்க் செய்தது. "மாட்யூல் இல்லாவிட்டால் சரியாக வராது" என்று ரசிகர்கள் வாதாடினார்கள். அப்புறம் 2015ல் லேப்டாப்புக்கு ஜி-சிங்க் வந்ததே, அதில் மாட்யூல் எங்கே? இல்லவே இல்லை!

கடைசியில் 2019 ஜனவரியில், வெறும் டிரைவர் அப்டேட்டில் அடாப்டிவ்-சிங்க் மானிட்டர்களுக்குக் கதவு திறந்தது. 2016ல் விற்ற 10 சீரிஸ் கார்டுகளிலேயே வேலை செய்தது. அத்தனை வருஷம் தடையாக இருந்தது வன்பொருள் இல்லை, வியாபாரம்.

சோதித்த 400 மானிட்டரில் 12தான் தேறியது என்று அப்போது என்விடியா சொன்னது. அதில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. மலிவு மானிட்டர்கள் சிலவற்றில் திரை மினுக்கும். ஃப்ரேம் வேகம் மாறும்போது ஓவர்டிரைவை அதற்கேற்ப மாற்றுவதில் மாட்யூல் உண்மையிலேயே கெட்டி. ஆனால் அது நல்ல மானிட்டருக்குக் கூடுதல் விலை கேட்கக் காரணம், பொதுத் தரத்தை ஐந்து வருஷம் ஒதுக்கி வைக்கக் காரணம் இல்லை. 2024 ஆகஸ்டில் அந்தத் தனி மாட்யூல் வேலையையும் மீடியாடெக் ஸ்கேலர் சிப்புக்குள் போடப்போவதாக என்விடியாவே அறிவித்தது.

வாங்குகிறவர்கள் பெட்டி மேல் ஒட்டிய ஸ்டிக்கரை விட்டுவிட்டு ரேஞ்சைப் பார்க்கணும். 48 முதல் 75 ஹெர்ட்ஸ் வரை மட்டும் என்றால் கேம் 40 ஃப்ரேமுக்கு இறங்கும்போது கைவிட்டுவிடும். 48 முதல் 144 என்றால் அதே 40ஐ இரட்டித்து 80ஆகக் காட்ட இடம் இருக்கிறது. கடையில் இதைக் கேட்டால் முழிப்பார்கள், விடாமல் கேளுங்கள் :)