அப்பாவைக் கைபிடித்துத் தூக்காதீர்கள்

கேள்வி: "எனக்கு இரண்டு ஏக்கர் கிணற்றுப் பாசனம். 71 வயதான அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. சிகிச்சை முடிந்து ஆறு வாரமாகச் சென்னை அடையாறில் தம்பி வீட்டில் இருக்கிறார். 'ஊருக்குக் கூட்டிப் போ, மணிலா போடணும்' என்று தினமும் அழுகிறார். அழைத்து வரலாமா? நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிடலாமா?"
- வாசகர், விழுப்புரம் மாவட்டம்.

பதில்: பயிர்க் கேள்விகளுக்கு நடுவே இதற்குப் பதில் எழுதக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் என் அம்மாவுக்கும் இதே நோய் வந்தது. மந்தைவெளி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டோம். பாசத்தில் சோறு ஊட்டினேன், தலை சீவினேன், தண்ணீர் டம்ளரைக்கூட நானே வாயில் வைத்தேன். இரண்டு மாதம் கழித்து வந்த பிசியோதெரபிஸ்ட், "சார், அம்மா கைக்கு நீங்க வேலையே கொடுக்கலையே" என்றார். சுருக்கென்றது.

மூளையில் செத்த பகுதி திரும்ப உயிர்பெறாது. அதன் வேலையை மற்ற பகுதிகள் கற்றுக்கொள்ள வேண்டும். திரும்பத் திரும்பச் செய்தால்தான் அவை கற்கும். முதல் மூன்று மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும். அதன் பிறகும் மெதுவாகத் தொடரும். மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில் மொச்சை வாங்கி வந்து அம்மாவிடம் உரிக்கக் கொடுத்தேன். முதல் நாள் நான்கு காய். தை முடிவதற்குள் ஒரு படி உரித்தார். கை முழுதாகச் சரியாகவில்லை. ஆனால் தன் கையால் சாப்பிட்டார்.

உங்கள் அப்பாவை அழைத்து வரலாம். அதற்கு முன் மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள். அடையாறிலிருந்து கிண்டி பக்கம்தான். அங்கே 2024-இல் திறக்கப்பட்ட தேசிய முதியோர் நல மருத்துவமனை அரசு மருத்துவமனை. என்னென்ன பயிற்சி, எத்தனை முறை என்று எழுதி வாங்கி வாருங்கள். ஊரில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்யுங்கள். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளும் பிசியோதெரபியும் வீட்டுக்கே வருகின்றன.

வீட்டில் கவனிக்க வேண்டியவை:

* விழுந்த கையைப் பிடித்து இழுத்தோ, அக்குளில் கைகொடுத்தோ தூக்காதீர்கள். தோள்மூட்டு நழுவிவிடும். இடுப்பைப் பிடித்து எழுப்புங்கள். ஊன்றுகோல் நல்ல கையில் இருக்கட்டும்.
* நிமிர்ந்து உட்கார வைத்தே உணவு கொடுங்கள். சாப்பிட்ட பின் அரை மணி நேரம் படுக்க வேண்டாம். தண்ணீர் குடிக்கும்போது இருமல் வந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். உணவு நுரையீரலுக்குள் போகும் ஆபத்து அது.
* படுக்கையிலேயே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வையுங்கள்.
* புறா ரத்தம் தடவினால் சரியாகும் என்று யாராவது சொல்வார்கள். நம்பாதீர்கள். 'நல்லாயிட்டாரே' என்று மாத்திரையையும் நிறுத்தாதீர்கள்.
* மறுபடி வாய் கோணினால், கை தளர்ந்தால், பேச்சு குழறினால் உடனே 108. கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்.
* காரணமில்லாத அழுகை இந்த நோயில் மனச்சோர்வின் அறிகுறியாகவும் இருக்கலாம். அதற்கும் மருந்து உண்டு, கேளுங்கள்.

குத்தகை விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பட்டம் முடியும்வரை அந்த முடிவை எடுக்காதீர்கள். அப்பா அழுவது வெறும் மணிலாவுக்காக அல்ல. இனி தன்னால் யாருக்கும் பயனில்லை என்ற பயம் அது. அவர் ஊரில் இல்லாத நேரத்தில் நிலம் கைமாறினால் அந்தப் பயம் உறுதியாகிவிடும். விதை மணிலாவை அவரிடம் உரிக்கக் கொடுங்கள். விதைநேர்த்திக்கு முன்பே கொடுங்கள். மருந்து கலந்த விதையை அவர் தொடக்கூடாது. வரப்பில் நடக்க விடாதீர்கள். களத்து மேட்டில் நாற்காலி போடுங்கள். எப்போது தண்ணீர் பாய்ச்சுவது என்று அவரைக் கேட்டே செய்யுங்கள். தெளிவாகப் பேசும் வரை எந்தப் பத்திரத்திலும் கைநாட்டு வாங்காதீர்கள். நாளைக்கு அண்ணன் தம்பி உறவு முறிய அதுவே காரணமாகிவிடும்.

இன்னொன்று. இந்த ஆறு வாரமும் அவரைத் தூக்கி உட்கார வைத்தது யார்? பெரும்பாலும் தம்பி மனைவியாக இருக்கும். இனி உங்கள் மனைவி. வாரத்தில் இரண்டு நாள் அந்த வேலையை நீங்கள் செய்யுங்கள். மாதச் செலவில் தம்பியும் பங்கு போடட்டும்.

அறுவடை முடிந்ததும் எழுதுங்கள். எத்தனை மூட்டை என்று மட்டுமல்ல. அப்பா எத்தனை படி உரித்தார் என்றும்.