புத்திமதி வேறு... கவுன்சிலிங் வேறு!

"கணவன்-மனைவி இருவரையும் அழைத்து போலீசார் கவுன்சிலிங் கொடுத்து அனுப்பி வைத்தனர்."

நகரச் செய்திகளில் அடிக்கடி வரும் வரி இது. படித்துவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம். ஸ்டேஷன் பெஞ்சில் அரைமணி நேரம் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும், அங்கே நடப்பது என்னவென்று.

"குடியை விடுய்யா. இரண்டு பிள்ளைங்க இருக்கு."

"நீயும் கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா."

ஒரு தாளில் எழுதி இரண்டு பேரிடமும் கையெழுத்து. அவ்வளவுதான், ஆளை விடு!

இதைச் சொல்லும் ஏட்டம்மாவைக் குறை சொல்ல முடியாது. வாசலில் இன்னும் எத்தனையோ மனு காத்திருக்கிறது. ஆனால் இதற்குப் பெயர் கவுன்சிலிங் இல்லை. புத்திமதி! புத்திமதிக்கு நம் ஊரில் என்றைக்குமே பஞ்சமில்லை. டீக்கடையில் கிடைக்கும். பஸ்சில் கிடைக்கும். மாமியார் வீட்டில் கேட்காமலேயே கிடைக்கும்.

அப்படியானால் கவுன்சிலிங் என்பது என்ன?

மூன்று பேர், மூன்று அளவு

மூன்று பேரை நினைத்துப் பாருங்கள்.

ஒருவர் மளிகைக் கடைக்காரர். வட்டிக் கடன் கழுத்தை நெரிக்கிறது. மூன்று மாதமாகத் தூக்கம் இல்லை. வீட்டில் மூச்சு விடவில்லை.

அடுத்தவர் ஆபீஸ் குமாஸ்தா. மின்சார ரெயிலில் கூட்டம் நெருக்கினால் நெஞ்சு படபடக்கிறது. சட்டை நனைகிறது. "இதோ சாகப் போகிறோம்" என்று தோன்றுகிறது. இ.சி.ஜி. எடுத்தாயிற்று. "இருதயத்தில் ஒன்றுமில்லை" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மூன்றாவது, கணவரை இழந்த ஒரு பெண். வருடம் ஒன்று ஓடிவிட்டது. இன்னும் ஒருவேளைச் சாப்பாடு ஒழுங்காக இறங்கவில்லை.

மூன்று பேருக்கும் "தைரியமா இருங்க, எல்லாம் சரியாப் போயிடும்" என்று சொன்னால் என்ன பிரயோஜனம்?

விஷயம் தெரிந்த மனோதத்துவ நிபுணர் முதலில் ஆளை அளவெடுப்பார். பிறகுதான் கத்தரியைக் கையில் எடுப்பார்.

குமாஸ்தாவிடம், "சாகப் போகிறோம்" என்ற அந்த எண்ணத்தையே எடுத்துப் போட்டு அலசுவார். எத்தனை தடவை அப்படித் தோன்றியது? ஒரு தடவையாவது நடந்ததா? அடுத்து, கூட்டமில்லாத நேரத்தில் ஒரு ஸ்டேஷன் போய்வரச் சொல்வார். பிறகு இரண்டு ஸ்டேஷன். அப்புறம் கூட்ட நேரம். படிப்படியாகப் பயம் இறங்கும்.

கணவரை இழந்தவருக்கு இந்தப் பாடமெல்லாம் வேண்டாம். குறுக்கே பேசாமல் கேட்க ஓர் ஆள் வேண்டும். "அழாதே" என்று சொல்லாத ஓர் ஆள் வேண்டும்.

கடைக்காரருக்கு முதலில் ஒரு தாளும் பேனாவும். எந்தக் கடன் எவ்வளவு, எதை முதலில் கட்டுவது என்று கணக்கு. மனம் கொஞ்சம் அடங்கிய பிறகு அடுத்த கேள்வி... "இவ்வளவு நாளாக மனைவியிடம்கூடச் சொல்ல முடியவில்லையே, ஏன்?" அதன் வேர் சின்ன வயதில் அப்பாவிடம் பட்ட அடியில் இருக்கலாம். மருந்து தேவைப்பட்டால் மனநல டாக்டரிடம் அனுப்புவார்.

ஆள் ஒருவர்தான். வழிகள் மூன்று. இதைத்தான் கூட்டு முறை என்கிறார்கள்.

கட்சி மாதிரி இருந்தவர்கள்

இந்த வழிகள் எல்லாம் ஒருகாலத்தில் தனித்தனிக் கட்சி மாதிரி இருந்தன. சின்ன வயதைத் தோண்டு என்றவர் பிராய்டு. மனதாரக் கேள் என்றவர் அமெரிக்காவின் கார்ல் ரோஜர்ஸ். எண்ணத்தைச் சோதித்துப் பார் என்று 1960களில் கிளம்பியவர் ஆரோன் பெக்.

1936-லேயே சால் ரோசன்ஸ்வைக் என்ற அமெரிக்க நிபுணர் ஒரு கேள்வி போட்டார். எல்லாக் கட்சியும் "எங்களிடம் வந்தவர் குணமானார்" என்கிறதே, அப்படியானால் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஏதோ ஒன்று இருக்கத்தானே வேண்டும்?

பின்னால் வந்த ஆராய்ச்சிகள் அந்தப் பொதுவான விஷயத்தில் ஒன்றைத் திரும்பத் திரும்பக் காட்டின. வந்தவருக்கும் நிபுணருக்கும் நடுவே உண்டாகும் நம்பிக்கை! அது கெட்டியாக இருந்தால் பலனும் பெரும்பாலும் நன்றாக இருக்கிறது.

அதற்காகக் கூட்டு முறை என்றால் கண்டதையும் போட்டுக் கிளறுவது என்று அர்த்தமில்லை. "எனக்கு ஏன் இந்த முறை?" என்று நீங்கள் கேட்டால் நிபுணர் பதில் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் எழுந்து வந்துவிடலாம்.

கீழ்ப்பாக்கம் பயம்

சென்னையில் ஒருவன் கொஞ்சம் மாறிப் பேசினால் உடனே "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்கிறோம். 1794-ல் தொடங்கிய ஆஸ்பத்திரியின் பெயரை ஏச்சாக ஆக்கி வைத்திருக்கிறோம். அந்த ஏச்சுக்குப் பயந்தே பலர் வாயைத் திறப்பதில்லை.

2015-16-ல் தமிழ்நாடு உள்பட 12 மாநிலங்களில் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பு, பெரியவர்களில் ஏறத்தாழ 10 பேரில் ஒருவருக்கு மனநலக் கோளாறு இருப்பதாகச் சொன்னது. அவர்களில் பெரும்பாலோர் சிகிச்சைக்கே போகவில்லை.

போகாததன் விலை என்ன? போலீஸ் குறிப்பில் "கடன் தொல்லை", "குடும்பத் தகராறு", "மன உளைச்சல்" என்று இரண்டே சொல்லில் முடிந்துபோகும் சாவுகளைக் கேளுங்கள், சொல்லும்.

சட்டம் நம் பக்கம்தான் இருக்கிறது. 2017-ம் ஆண்டு மனநலச் சட்டப்படி சிகிச்சை பெறுவது உங்கள் உரிமை. உங்கள் விவரத்தை ரகசியமாகக் காப்பது சிகிச்சை தருபவரின் கடமை.

போகும்போது இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். போர்டில் "கவுன்சிலர்" என்று போட்டவர் எல்லாம் படித்தவர் இல்லை. என்ன படிப்பு என்று கூசாமல் கேளுங்கள். மருத்துவ உளவியல் நிபுணர் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு இருக்க வேண்டும். இரண்டாவது, முதல் ஆள் ஒத்து வராவிட்டால் கவுன்சிலிங்கே வேஸ்ட் என்று நிறுத்தாதீர்கள். ஆளை மாற்றுங்கள்.

மாலையில் திறக்கட்டும்

அரசு ஆஸ்பத்திரி வெளிநோயாளி பிரிவு பெரும்பாலும் காலையில்தான். ஆபீசுக்கு லீவு போட்டால் சம்பளம் போச்சு. கடையைப் பூட்டினால் வியாபாரம் போச்சு. தனியாரிடம் போனால் ஒரு மணி நேரத்துக்கே பர்ஸ் காலி. அப்புறம் வேலை செய்கிற மனிதன் எப்போதுதான் போவான்?

பெரிய அரசு ஆஸ்பத்திரிகளில் வாரத்தில் இரண்டு நாளாவது மாலை 6 மணி முதல் 8 மணி வரை மனநல ஆலோசனை வேண்டும். குடும்பத் தகராறு மனு வருகிற ஸ்டேஷன்களுக்குப் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும். ஏட்டம்மா சட்டத்தைப் பார்க்கட்டும். மனசைப் பார்க்க அதற்குப் படித்தவர் வரட்டும்.

அதுவரை ஒரு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்: 14416. "டெலி மானஸ்" என்ற மத்திய அரசின் இலவச மனநல உதவி எண். 2022 அக்டோபரில் தொடங்கியது. 24 மணி நேரமும் உண்டு. தமிழிலேயே பேசலாம்.

பல் வலித்தால் பல் டாக்டரிடம் போகிறோம். பக்கத்து வீட்டுக்காரரிடம் புத்திமதி கேட்டுக்கொண்டு நிற்பதில்லை!