மானிப்பாயை மறவாத மனிதர்

சென்ற மாதம் எம் அயலில் வாழும் முதிய அம்மையார் ஒருவர், வைத்தியசாலையில் எழுதிக் கொடுத்த துண்டொன்றை எம்மிடம் நீட்டி, "தம்பி, நீர் படிச்சனீர், எனக்கு என்ன வருத்தமெண்டு இதில எழுதியிருக்கு?" என்று கேட்டார். துண்டில் ஆங்கிலத்திலிருந்த நோயின் பெயரை நாம் வாசித்தோம். 'ஒஸ்ரியோபொறோசிஸ்' என்றிருந்தது. அதனை அந்த அம்மையாருக்கு விளங்குமாறு தமிழில் எடுத்துச் சொல்ல எமக்கு நா எழவில்லை. பட்டம் பெற்று, ஆண்டுகள் பலவாகக் கல்லூரியிலே கற்பித்துவரும் நாம், "பயப்பட ஒன்றுமில்லை ஆச்சி" என்று மழுப்பி அனுப்பிவிட்டோம். அன்றிரவு முழுவதும் அது எம் நெஞ்சை உறுத்திற்று. உறுத்திய நெஞ்சிலே, நூறாண்டுகளுக்கு முன்னரே மறைந்துவிட்ட அந்நிய நாட்டார் ஒருவரின் நினைவு எழுந்தது. அவர்தாம் டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன்.

மானிப்பாய்க்குச் செல்லும் நேயர்கள் அவர் பெயரைத் தாங்கி நிற்கும் வைத்தியசாலையைக் கண்டிருப்பர். அப்பெயருக்குரியவரின் வரலாற்றை அறிந்தவர் நம்முள் மிகச் சிலரே.

அமெரிக்காவில் மசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரில் 1822ஆம் ஆண்டு பிறந்தவர் கிறீன். நியூயோர்க்கில் வைத்தியம் பயின்று, 1847இல், 25 வயது இளைஞராக யாழ்ப்பாணத்துக்கு வந்தார். மறு ஆண்டு மானிப்பாயில் தம் பணியைத் தொடங்கினார். வந்தவர் மிஷனரி. நோயாளரின் உடற்பிணியைத் தீர்ப்பதோடு அவர்களைத் தம் சமயத்திற்கு அழைப்பதும் அவர் கருத்தாயிருந்தது. இதனை மறைத்துக் கூறுவது அவருக்கும் நேர்மையாகாது. சைவராகிய எமக்கும் நேர்மையாகாது. அவ்வழைப்பை ஏலாதவர் நம் முன்னோருட் பலர். ஆயினும், நோயுற்றபோது அவர் கைமருந்தை ஏற்றனர்.

கற்பிக்கும் தொழிலில் உள்ளவராதலின் எம்மை மிகவும் கவர்வது அவர் கற்பித்த முறையே. தொடக்கத்தில் அவர் மாணாக்கருக்கு ஆங்கிலத்திலேயே வைத்தியம் கற்பித்தார். ஆங்கிலங் கற்ற இளைஞரோ அரசாங்க உத்தியோகத்தை நாடி ஊரைவிட்டு அகன்றனர். கிராமத்து நோயாளி பழையபடி துணையின்றிக் கிடந்தான். ஊரிலே பிறந்து, ஊராரோடு வாழ்ந்து, ஊர்மொழியிலே வைத்தியஞ் செய்பவரே நிலைப்பர் எனக் கிறீன் கண்டார். தம் மாணாக்கர் நடையுடைகளில் ஐரோப்பியராவதையும் அவர் விரும்பவில்லை. 1860களில் தமிழிலேயே மேனாட்டு வைத்தியத்தைக் கற்பிக்கத் துணிந்தார். அவரிடம் பயின்று வெளியேறிய வைத்தியர் 60 பேருக்கு மேற்பட்டோர்.

கற்பிக்க நூல் வேண்டுமே! மாணாக்கர் துணையோடு அவரே நூல்களை ஆக்கினார். 'பிரசவ வைத்தியம்' 1857இலும், 'இரணவைத்தியம்' 1867இலும், 'மனுஷ அங்காதிபாதம்' 1872இலும் வெளிவந்தன. கலைச்சொல் தேடுங்கால் முதலில் தமிழிலும், அங்கே கிடையாதவிடத்து வடமொழியிலும் தேடி, இரண்டும் உதவாதபோதே ஆங்கிலச் சொல்லை எழுத்துப்பெயர்த்தார். உடலமைப்பைக் கூறும் நூலுக்கு 'அங்காதிபாதம்' என்று பெயரிட்டிருத்தலைப் பாருங்கள். பாதாதிகேசம், கேசாதிபாதம் என்னும் பிரபந்த வகைகளைப் படித்த செவிக்கு அப்பெயரிலே தமிழ் மரபின் ஒலி கேட்கும்.

இனி அவருடைய இல்லறத்தைக் காண்போம். பத்தாண்டு ஊழியத்தின் பின் தாயகஞ் சென்றவர், 1862இல் மார்கிரெற் என்னும் அம்மையாரை மணந்து, அவ்வாண்டிலேயே மனைவியாருடன் மானிப்பாய்க்குத் திரும்பினார். வெயிலும் வாந்திபேதியும் மிகுந்த அயல்நாட்டிலே குடும்பம் நடத்துதல் அக்காலத்தில் எளிதன்று. பகலிலே நோயாளரும் மாணாக்கரும், வீட்டிலே மனைவியும் மக்களும் என்று வாழ்ந்தவர், உடல்நலங் குன்றவே 1873இல் குடும்பத்தோடு தாயகம் மீண்டார்.

நம்மில் ஒருவராயின் அங்கே ஓய்ந்திருப்போம். 'செய்தது போதும்; இனிப் பிள்ளைகளைப் பார்ப்போம்' என்று கூறினாலும் எவரும் குறை சொல்லார். கிறீன் அவ்வாறு ஓயவில்லை. வூஸ்ரர் நகரின் பனிக்காலத்திலே, மனைவி மக்கள் சூழ்ந்த இல்லத்திலிருந்து, தாம் இனிக் காணப்போகாத மக்களுக்காகத் தமிழ் வைத்திய நூற்பணியைத் தொடர்ந்தார். இரசாயனம் பற்றிய 'கெமிஸ்தம்' 1875இலும், உடற்றொழில் பற்றிய 'மனுஷ சுகரணம்' 1883இலும் வெளிவந்தன. அவரது முயற்சியால் தமிழுக்குக் கிடைத்த வைத்திய நூற்பக்கங்கள் 4,000க்கு மேற்பட்டவை. 1884ஆம் ஆண்டு மே மாதத்தில் அவர் மறைந்தார். தமிழருக்கு வைத்திய ஊழியஞ் செய்தவர் என்பதையே தம் கல்லறையிற் பொறிக்க விரும்பினார், அவ்வாறே பொறிக்கப்பட்டது.

குடும்பப் பொறுப்பு பொதுப்பணிக்குத் தடை என்று கூறுவோர் நம்மிடையே பலர். நாமும் அவ்வாறு கூறித் தப்பிக்கொண்ட நாள்கள் உண்டு. கிறீனுடைய பின்னாள் வாழ்வை எண்ணும்போது அந்தச் சாட்டு எம் வாயிலே நிற்க மறுக்கிறது. வீட்டு மேசையே அவருக்குப் பணிக்களமாயிற்று.

அவர் தொடங்கிய தமிழ்வழி வைத்தியக் கல்வி அவருக்குப்பின் நிலைக்கவில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 1978இல் தொடங்கிய மருத்துவ பீடத்திலும் கல்வி ஆங்கிலத்திலேயே நடைபெறுகிறது. உலக அறிவோடு தொடர்பு வேண்டும் என்னும் காரணத்தை நாம் மறுக்கவில்லை. ஆனால் நோயாளி தமிழிலே நோகிறான். அவனுக்கு அவன் நோயை விளக்கும் கடமை வைத்தியருக்கு மாத்திரம் உரியதன்று. படித்தவர் ஒவ்வொருவர்க்கும் அதிற் பங்குண்டு.

இரண்டு நாள் கழித்து அந்த அம்மையாரின் வீட்டுக்குச் சென்றோம். "ஆச்சி, கறையான் அரித்த மரம் வெளியே முழுதாயிருந்தாலும் உள்ளே உறுதி குறைந்திருக்கும் அல்லவா? வயது போக எலும்புக்கும் அப்படி ஒரு மெலிவு வருவதுண்டு. விழாமல் நடக்கவேண்டும், குளிசையைத் தவறாமல் எடுக்கவேண்டும், அவ்வளவுதான்" என்றோம். அவர் முகந் தெளிந்தது.

"உதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே, தம்பி" என்றார்.

உண்மைதான். அன்றைக்கே சொல்லியிருக்கலாம்.