ஐ-7 ஸ்டிக்கரைப் பார்த்துப் பணத்தைக் கொட்டாதீங்க!

தாம்பரம்-கடற்கரை மின்சார ரயிலில் தினமும் நம்மோடு வருகிற நண்பர் ஒருவர். பாரிமுனையில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர். போன வாரம் முகம் வாடிப் போய் வந்தார்.

"என்ன சார், உடம்பு சரியில்லையா?"

"உடம்பு நல்லாத்தான் இருக்கு. சீட்டு எடுத்த பணம்தான் போச்சு!" என்றார்.

விஷயம் இதுதான். மகன் கல்லூரியில் சேர்ந்திருக்கிறான். படிப்புக்கும் வேண்டும், கேமும் ஆட வேண்டும் என்று லேப்டாப் கேட்டான். இவருக்கும் ராத்திரியில் 2 கடைகளுக்கு டாலியில் கணக்கு எழுதும் வேலை உண்டு. ஒரே லேப்டாப்பில் இரண்டு பேர் காரியமும் நடக்கட்டும் என்று ரூ.68 ஆயிரத்தோடு கடைக்குப் போனார்.

"பட்ஜெட் எவ்வளவு சார்?" இதுதான் கடைக்காரரின் முதல் கேள்வி. இவர் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டார். அடுத்த நிமிஷம் 67,500 ரூபாய்க்கு ஒரு பெட்டி மேஜை மேல் வந்து உட்கார்ந்தது! பளபளவென்று "ஐ-7" ஸ்டிக்கர். "இதுக்கு மேல இல்லே சார். கேம், வேலை எல்லாம் பறக்கும்!"

வீட்டில் டாலி பறந்தது. கேம் பறக்கவில்லை. திக்கித் திக்கி நின்றது. திருப்பிக் கொடுக்கப் போனால், "பெட்டியை உடைச்சிட்டீங்களே" என்று பதில்.

"பரவாயில்லப்பா, நான் செல்லிலேயே ஆடிக்கிறேன்னு பையன் சொல்றான் சார். அதுதான் மனசை அறுக்குது" என்றார் நண்பர்.

இதில் கடைக்காரர் பொய் சொல்லவில்லை. பாதி உண்மை சொன்னார். அந்த மீதி பாதியைத்தான் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

வால் எழுத்தைப் பாருங்க

ஐ-5, ஐ-7 என்பதெல்லாம் தலை எழுத்து. சூட்சுமம் வால் எழுத்தில் இருக்கிறது. 2022-ல் வந்த ஐ-7 1255 "யூ" சிப்பில் பெரிய கோர் 2 மட்டுமே. அதே வருஷத்து ஐ-5 12450 "எச்" சிப்பில் பெரிய கோர் 4. முன்னது 15 வாட்டுக்குச் செய்தது. பின்னது 45 வாட்டுக்குச் செய்தது. கேமுக்கு எது லாயக்கு? பெயரில் சின்னதாக இருக்கும் ஐ-5தான்!

இன்னொரு கூத்து, ரைசன் 5 7520 யூ. 7-ல் தொடங்குவதால் 2023 வரிசை என்று அர்த்தம். ஆனால் மூன்றாவது இலக்கம் 2. உள்ளே இருப்பது 2019-ல் வந்த "ஜென் 2" வடிவமைப்பு. புதுச் சட்டைக்குள் பழைய ஆள்!

பெயர் ஒன்று, சக்தி வேறு

கேம் ஓடுவதற்கு முக்கியம் கிராபிக்ஸ் கார்டு. அதன் மெமரி 4 ஜி.பி. என்றால் இன்றைய பெரிய கேம்களுக்குப் போதாது. ஆர்.டி.எக்ஸ். 4050-ல் 6 ஜி.பி. உண்டு. 4060, 5050, 5060 லேப்டாப் கார்டுகளில் 8 ஜி.பி. உண்டு.

இதோடு விட்டுவிடாதீங்க. லேப்டாப்புக்கான 4050 கார்டை 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எந்த அளவிலும் கம்பெனிகள் வைக்கலாம். ஸ்டிக்கர் மட்டும் ஒன்றே! ஒல்லியான பெட்டியில் குறைந்த வாட்டில் இருப்பது, தடித்த பெட்டியில் முழுச் சக்தியோடு இருப்பதிடம் தோற்றுப்போகும். இதைக் கடையிலேயே பார்த்துவிடலாம். லேப்டாப்பை ஆன் செய்து, என்விடியா கண்ட்ரோல் பேனலில் "சிஸ்டம் இன்பர்மேஷன்" திறக்கச் சொல்லுங்க. வாட் கணக்கு அங்கே இருக்கும்.

"பிறகு போட்டுக்கலாம் சார்"

மெமரி 16 ஜி.பி. வேண்டும். "இப்போ 8 போதும், பிறகு போட்டுக்கலாம்" என்பார்கள். சில மாடல்களில் மெமரியைப் போர்டோடு பற்ற வைத்திருப்பார்கள். பிறகு என்ற பேச்சே கிடையாது. ஸ்லாட் எத்தனை, காலியாக எத்தனை என்று கேட்டு பில்லிலேயே எழுதி வாங்குங்க. 2025 கடைசியில், ஏ.ஐ. கம்ப்யூட்டர் மையங்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போனதால் விலை கிடுகிடுவென ஏறியது நினைவிருக்கட்டும். பிறகு என்பது மலிவு என்று அர்த்தமில்லை.

திரையில் "144 ஹெர்ட்ஸ்" என்று பெரிதாகப் போடுவார்கள். பக்கத்தில் பொடி எழுத்தில் "45 சதவீதம் என்.டி.எஸ்.சி." என்று இருந்தால் கலர் வெளிறித்தான் தெரியும். போட்டோ, டிசைன் வேலை செய்கிறவர்கள் "100 சதவீதம் எஸ்.ஆர்.ஜி.பி." கேட்க வேண்டும்.

இது எல்லாருக்கும் வேண்டுமா?

வேண்டியதில்லை. டாலி, தட்டச்சு, இ-மெயில் மட்டும்தான் என்றால் கேமிங் லேப்டாப் வீண் செலவு. 2 கிலோவுக்கு மேல் கனக்கும். சார்ஜர் தனிச் சுமை. ரயில் கூட்டத்தில் தோளில் தொங்கவிட்டுப் பாருங்க, தெரியும்! பிளக் இல்லாமல் கேம் ஆடினால் வேகமும் குறையும், பேட்டரியும் சீக்கிரம் இறங்கும். வீட்டை விட்டு நகராது என்றால், அதே பணத்துக்கு மேஜைக் கம்ப்யூட்டரில் அதிகச் சக்தி கிடைக்கும்.

ரிச்சி தெருவில் பழசு வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு முடிந்துவிட்டது. இன்டெல் 8-வது தலைமுறைக்கு முந்திய பெட்டிகளை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்காது.

பில் இல்லாமல் வாங்காதீங்க. லேப்டாப்புக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். ஜி.எஸ்.டி. பதிவு உள்ள வியாபாரிகள் கடை உபயோகத்துக்கு வாங்கினால், தங்கள் எண்ணைப் பில்லில் போட்டு வரவு எடுக்கலாம். "வட்டியில்லா தவணை" என்றாலும் ஏமாறாதீங்க. பல கார்டுகளில் செயல்முறைக் கட்டணமும், வட்டிக் கணக்கின் மேல் ஜி.எஸ்.டி.யும் பின்னால் பில்லில் வந்து நிற்கும்.

போர்டில் எழுதி வையுங்கள்!

கடைக்காரர்களுக்கு நம் கோரிக்கை ஒன்று உண்டு. விலைச் சீட்டில் ஐ-7 என்று கொட்டை எழுத்தில் போடுகிற நீங்கள், அதன் கீழே 4 வரி எழுதினால் என்ன? சிப்பின் முழு எண், கார்டின் வாட், மெமரி ஸ்லாட், திரையின் கலர் அளவு. அவ்வளவுதான்! 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைக்கும் விளம்பரத்தையும் தவறான விளம்பரம் என்றே சொல்கிறது. ஏமாந்தவர்கள் வாய் மூடி இருக்க வேண்டாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நண்பரிடமும் அதைத்தான் சொன்னோம். பில்லை எடுத்துவைத்திருக்கிறார்.

வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்த்து வாங்குகிறோம். மீனைச் செவுள் தூக்கிப் பார்த்து வாங்குகிறோம். கால் கிலோவுக்கு அவ்வளவு கறார்! சீட்டுப் பணம் 68 ஆயிரத்தை மட்டும் ஸ்டிக்கர் பார்த்துக் கொடுத்துவிடுவதா?

பையனையும் கூட்டிக்கொண்டு போங்க. பட்ஜெட்டைக் கடைசியில் சொல்லுங்க. வால் எழுத்தை முதலில் கேளுங்க!