வேலிக்கு ஒரு பிடி மண்

தஞ்சை ஜில்லாவில் சம்பாவும் தாளடியும் அறுவடையாகி, உளுந்தும் பயறும் களத்துக்கு வந்துவிட்டால், ஆற்றில் புதுத் தண்ணீர் வரும் வரையில் வயல்கள் வெறுமையாகக் கிடக்கும். மண்ணை எடுத்துப் பரிசோதிப்பதற்கு வருஷத்தில் இதைவிடத் தக்க காலம் வேறில்லை. உரமிட்டு நாளாகியிருக்கும், சேறு காய்ந்திருக்கும், குறுவைக்கு எதை இடுவதென்று தீர்மானிக்க அவகாசமும் உண்டு. ஆயினும், தம் வயலின் மண்ணைத் தாமே எடுத்து அனுப்பி, அதன் முடிவைப் பார்த்து உரம் வாங்கும் குடியானவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால், விடை பெருமைப்படத்தக்கதாயிராது. இதற்கு அவர்களுடைய அறியாமையே காரணம் என்று கூறுவது உத்தியோகஸ்தர்களுக்குச் சௌகரியமாயிருக்கலாம். நாம் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

2015-ஆம் வருஷம் பிப்ரவரி 19-ஆம் தேதி, ராஜஸ்தானத்தைச் சேர்ந்த சூரத்கரில் பிரதம மந்திரி மண்வள அட்டைத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து முதலாக, துத்தநாகம், இரும்பு, போரான் ஈறாக, கார அமில நிலையும் உப்பின் அளவும் உட்படப் பன்னிரண்டு விஷயங்களை அந்த அட்டை கூறும். யோசனை மிகவும் நல்லதே. ஆனால் அதன் விதியைச் சற்று ஊன்றிப் பார்க்க வேண்டும். பாசன நிலத்தில் 2.5 ஹெக்டேருக்கு ஒரு மாதிரி எடுத்தால் போதுமென்று வகுத்தார்கள். நமது கணக்கில் இது ஏறக்குறைய ஒரு வேலி. 2015-16-ஆம் வருஷத்து விவசாயக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு குடியானவரின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர், அதாவது ஐந்தரை மாவுக்குச் சிறிது கூடுதல். ஆகவே ஒரு மாதிரிக்குள் மூன்று பேருடைய நிலம் அடங்கிவிடுகிறது. ஒருவர் வயலில் எடுத்த மண்ணுக்கு மூவர் கையிலும் அட்டை வருகிறது. மூவரில் இருவர் அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டால் அவர்களைக் குறை கூறுவது எங்ஙனம்?

தஞ்சை மண் ஒரே மண் என்று வெளியூரார் நினைக்கக்கூடும். கும்பகோணம், மாயூரம் பக்கத்தில் களி கலந்த வண்டல். கொள்ளிடக் கரைப் படுகையில் மணற்பாங்கு. 1934-இல் மேட்டூர் அணை கட்டி முடிந்தபின் கல்லணைக் கால்வாயினால் பாசனம் பெற்ற ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பகுதிகளிலோ செம்மண் கலந்த லேசான நிலம். தலைஞாயிறு, வேதாரணியம் பக்கம் கடலின் உப்பு. இவ்வளவும் ஒருபுறமிருக்க, ஒரே கிராமத்தில் மேட்டு வயலும் பள்ள வயலும், தலைமடையும் கடைமடையும் ஒன்றாயிருப்பதில்லை என்பதை ஏர் பிடித்தவன் அறிவான்.

இந்த ஜில்லாவுக்கு மண் பரிசோதனை புதிதன்று. ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது 1922-இல். தேசம் முழுவதிலும் முதலில் பொறுக்கியெடுத்த ஏழு ஜில்லாக்களில் ஒன்றாகத் தஞ்சையில் 1960-இல் தீவிர விவசாயத் திட்டம் தொடங்கியபோது, மண் பரிசோதனை அதன் அங்கமாகவே இருந்தது. பின்னர் 1967-ஐ ஒட்டி ராமமூர்த்தி என்னும் விஞ்ஞானியின் வழிகாட்டுதலில், மண்ணிலுள்ள சத்தையும் எதிர்பார்க்கும் மகசூலையும் சேர்த்துக் கணக்கிட்டு உரம் சொல்லும் முறை அகில இந்திய அளவில் ஆராயப்பட்டது. ஆகவே வித்தை நம்மிடம் இல்லையென்று சொல்ல வழியில்லை.

பரிசோதனை இல்லாமையால் நேரும் நஷ்டத்துக்கு ஓர் உதாரணம் கூறுவோம். நட்டு இரண்டு மூன்று வாரத்தில் பயிர் வளராமல் குன்றி, இலையில் துருப் போன்ற பழுப்புப் புள்ளிகள் தோன்றுவதை நேயர்கள் பார்த்திருப்பார்கள். நீர் தேங்கிய நெல்வயலில் துத்தநாகச் சத்து பயிருக்கு எட்டாமற் போவதன் அடையாளம் அது. பயிர் வெளுத்ததைப் பார்த்த குடியானவர், தழைச்சத்துக் குறைவென்று கருதி யூரியாவை வீசுகிறார். வேறு சிலர் மணிச்சத்து உரத்தை மேலும் மேலும் இடுகிறார்கள். மணிச்சத்து மிஞ்சினால் துத்தநாகம் இன்னும் கிடைப்பதில்லை என்பதை அவர்களுக்குச் சொல்வாரில்லை. வேண்டியதோ, ஏக்கருக்குப் பத்துக் கிலோ துத்தநாக ஸல்பேட்டை மணலில் கலந்து நடவுக்கு முன் தூவுவதுதான். இந்த ஒரு வரியைத் தெரிந்துகொள்ளாத குற்றத்துக்காக எத்தனை மூட்டை யூரியா வாய்க்காலோடு போகிறது!

2004 டிசம்பர் 26-இல் கடற்கோள் நாகை ஜில்லாவின் வயல்களில் உப்புநீரைப் பாய்ச்சியபோதும் இதே பாடந்தான். எந்த வயலில் உப்புத் தங்கியது, எந்த வயலை மழை கழுவிவிட்டது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியவில்லை. மண்ணின் உப்பை அளந்தே சொல்ல வேண்டியிருந்தது.

உர விலையின் விஷயத்துக்கு வருவோம். 2010 ஏப்ரலில் மணிச்சத்து, சாம்பல் சத்து உரங்களுக்கு மத்திய சர்க்கார் சத்தின் அளவுப்படி மானியம் என்று விதித்து, விலையைக் கம்பெனிகளின் போக்குக்கு விட்டது. யூரியாவை மட்டும் அந்த ஏற்பாட்டில் சேர்க்கவில்லை. 45 கிலோ மூட்டை, வரியும் வேப்பெண்ணெய்ப் பூச்சுச் செலவும் நீங்கலாக, 242 ரூபாயில் நிறுத்தப்பட்டது. விலை மலிந்ததை மிகுதியாக வாங்குவது மனித சுபாவம். ஒரு கையால் சமச்சீர் உரமிடு என்று அட்டை கொடுத்து, மறு கையால் யூரியாவை மாத்திரம் மலிவாக்கிவிட்டு, குடியானவர் அட்டையைப் படிக்கவில்லையே என்று சர்க்கார் விசனப்படுவது விந்தையே. யூரியா விலையை ஏற்றிவிடு என்று நாம் கூறவில்லை. ஏற்றினால் முதலில் நசுங்குபவன் கடைமடைக்காரன். மற்ற உரங்களின் விலையை அதற்குப் பொருத்தமாகக் குறைக்கலாமே என்பதே நமது கேள்வி.

இவற்றைவிடப் பெரியது குத்தகை விவகாரம். கோயில் நிலமும் மடத்து நிலமும் நிறைந்த ஜில்லா இது. 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும், 1969-இல் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டமும் வந்தபின்னும், வாய்ப்பேச்சில் நிலம் வாங்கி உழுபவர்கள் இருக்கவே இருக்கிறார்கள். அட்டை பட்டாதாரரின் பெயரைத் தேடிப் போகிறது. உழுபவன் பெயரோ எந்த ஏட்டிலும் இல்லை. அடுத்த வருஷம் இந்த நிலம் தன் கையில் இருக்குமா என்பதறியாதவன், மூன்று வருஷத்தில் பலன் தரும் தக்கைப்பூண்டையும் ஜிப்ஸத்தையும் எதற்காக இடுவான்? 2024-இல் தமிழ்நாட்டு சர்க்கார் தொடங்கிய மண்ணுயிர் காக்கும் திட்டத்தில் பசுந்தாள் விதை மானியம் சேர்ந்திருப்பதை வரவேற்கிறோம். அந்த விதை குத்தகைதாரன் கைக்கும் பட்டா கேளாமல் போய்ச் சேர வேண்டும்.

கிராமங்களில் பொது வேலை செய்யும் அன்பர்களுக்கு இதில் உடனே செய்யக்கூடியது உண்டு. வரப்பு, எருக்குழி, மரநிழல், வாய்க்கால் ஓரம் இவற்றை விலக்கி, ஒரு வயலில் பத்துப் பதினைந்து இடங்களில் அரையடி ஆழத்துக்கு ஆப்பு வடிவமாக வெட்டி, பக்கவாட்டு மண்ணைச் சீவியெடுத்து, கலந்து, நான்காய்ப் பகுத்து எதிர்ப் பகுதிகளைத் தள்ளித் தள்ளி அரைக் கிலோவாக்கி, நிழலில் உலர்த்தித் துணிப்பையில் கட்டினால் போதும். பழைய உரச் சாக்கு கூடவே கூடாது. அதில் வைத்த மண் சாக்கைப் பற்றியே சாட்சி சொல்லும். பையில் சர்வே நம்பரோடு உழுபவரின் பெயரையும் எழுதுங்கள். சித்திரையில் ஊர் முழுவதும் சேர்ந்து இவ்வாறு செய்து ஒரே வண்டியில் அனுப்பலாம்.

அனுப்பிய மண்ணுக்கு முடிவு எப்போது வரும் என்பது சர்க்காரின் பொறுப்பு. மேட்டூர் திறப்புக்கு வழக்கமான தேதி ஜூன் 12. வைகாசி முடிவதற்குள் விவசாய இலாகா முடிவுகளைக் கிராமத்துக்குக் கொண்டுவந்து, ஒவ்வொரு வயலுக்கும் எழுதிக் கொடுக்க வேண்டும். நாற்று பறித்த பிறகு வரும் அட்டையை வாங்க மறுக்கும் உரிமை குடியானவருக்கு உண்டு.