சிறுநீரில் தெரியும் இதயம்

கரும்பு வெட்டும் தொழிலாளி ஒருவர் இடுப்பு வலி என்று தியாகதுருகத்தில் மருத்துவர்களான நம் முன் வந்து உட்காருகிறார் என்று வைத்துக்கொள்வோம். வலி ஊசி போட்டு அனுப்புவது எளிது. ரத்த அழுத்தமும் பார்த்துவிடுவோம். சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்று பார்ப்பதைத்தான் விட்டுவிடுகிறோம்.

கிரியேட்டினின் தாமதமாகவே உயரும். சிறுநீரகத்தின் வடிதிறன் பாதியாகக் குறைந்த பிறகும் அது இயல்பான அளவுக்குள் நிற்கக்கூடும். சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கசிவதோ பல ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்துவிடும். உடலெங்கும் ரத்தக் குழாய்கள் பழுதாகத் தொடங்கியதற்கும் அது அடையாளம். அதனால்தான் சிறுநீரக நோயாளிகளில் பலர் டயாலிசிஸை எட்டும் முன்பே இதய நோயால் இறக்கிறார்கள்.

சிறுநீரக நோய் முற்றுவதைத் தடுக்கப் பெரிய செலவு தேவையில்லை என்பதைச் சென்னையின் மருத்துவர் எம்.கே. மணி முன்பே காட்டிவிட்டார். 1990-களில் அவருடைய கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் சென்னைக்கு அருகே உள்ள கிராமங்களில் வீடு வீடாகச் சிறுநீரும் ரத்த அழுத்தமும் பார்த்தது. மலிவான பழைய மாத்திரைகளைத் தொடர்ந்து கொடுத்தது. ஆன செலவு மிகக் குறைவு.

இன்று நம் கையில் இன்னும் அதிகம் இருக்கிறது. தமிழக அரசு 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் மாத்திரையை வாசலுக்கே கொண்டுபோகிறது. 2020-இல் காப்புரிமை முடிந்ததால் சிறுநீரகத்தைக் காக்கும் டாபாகிளிஃப்ளோசின் மாத்திரையின் விலை இறங்கிவிட்டது. ஆனால் மாத்திரை வீட்டுக்குப் போனால் போதாது. ரத்த அழுத்தம் இறங்கியதா என்று பார்த்து அளவை மாற்ற மருத்துவர் வேண்டும்.

கடும் உழைப்பும் காய்ச்சலும்கூடச் சிறுநீரில் புரதம் காட்டும். ஓய்வுக்குப் பின் மறுபடி பாருங்கள். மூன்று மாதத்துக்கு மேலும் நீடித்தால் எனலாப்ரில் அல்லது லோசார்டான் தொடங்குங்கள். இரண்டு வாரத்தில் பொட்டாசியமும் கிரியேட்டினினும் பாருங்கள். சர்க்கரை நோயாளிக்குப் சிறுநீர்ச் சோதனைப் பட்டையில் நிறம் மாறாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை அல்புமின்–கிரியேட்டினின் விகிதம் தேவை. சிறுநீரகத்தைப் பழுதாக்கக்கூடிய, கடையில் வாங்கி விழுங்கும் வலி மாத்திரைகளைப் பற்றி ஒவ்வொருவரிடமும் கேளுங்கள்.

கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்காரர் ஒருவருக்கு டயாலிசிஸ் என்றால் வாரம் இரண்டு, மூன்று முறை மலை இறங்க வேண்டும். கூலியும் போகும், குடும்பமும் குலையும். அந்தப் பயணத்தைத் தடுக்கும் வாய்ப்பு முதலில் பார்க்கும் நம்மிடமே இருக்கிறது. இடுப்பு வலி என்று அடுத்து வருபவரிடம், ஊசிக்கு முன் சிறுநீர்க் குப்பியை நீட்டுவோம்.